சப்பரத்தின் அகலம்

பவுனுவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் அல்ல. தினம் பொழுது சாய்ந்ததும் அவள் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு மூளை பிசகிப் போச்சு" என்கிறார்களே, அவர்கள் மேல். அவர்களையும் விடுங்கள், அவர்கள் தெருக்காரர்கள். என் கோபமெல்லாம் அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஏ.சி. அறையில் உட்கார்ந்து தெய்வத்தைப் பற்றிப் பேசியவர்கள் மேல்தான்.

நான் தில்லியில் நகரத்தைத் திட்டமிடுகிற அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ. வீடு கிட்வாய் நகரில். இருபது வருஷத் திட்டம், ஐம்பது வருஷத் தொலைநோக்கு என்று எத்தனையோ பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடித்திருக்கிறேன். பேசியவர்களில் பாதிப்பேர், அடித்த தாளின் மை காய்வதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார்கள்.

பவுனு கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. புருஷன் மூக்கனோடும் தங்கை பொன்னியோடும் கட்டட வேலைக்கு ரயிலேறி வந்தவள். மூக்கன் கலவை போடுவான், அக்காளும் தங்கையும் செங்கல் சுமப்பார்கள். தில்லியில் மேம்பாலமும் மாடிகளும் எழும்பிக்கொண்டிருந்த காலம். எழுப்பியவர்கள் சாக்கடை ஓரத்தில் தார்ப்பாயும் தகரமும் வைத்த ஜுக்கிகளில் இருந்தார்கள். இரண்டு ஜுக்கிக்கு நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும்.

ஒரு கோடையில் அங்கே தீ பிடித்தது. தீயணைப்பு வண்டி வரவில்லை என்று சொல்ல முடியாது. மணியடித்துக்கொண்டு சீக்கிரமாகவே வந்தது. வந்து பெரிய ரோட்டில் நின்றது. உள்ளே வர வழியில்லை, குழாய் எட்டவில்லை. காய்ச்சலோடு படுத்திருந்த பொன்னியைப் பவுனு வேலையிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது, பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. "தண்ணி இருந்துச்சும்மா. வண்டி நெறைய தண்ணி வச்சுகிட்டு நின்னுகிட்டு இருந்தான்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அழவில்லை.

எமர்ஜென்சி வந்தது. எரிந்தது போக மிச்சமிருந்த ஜுக்கிகளை இடித்து, சட்டி பானையோடு ஜனங்களை லாரியில் ஏற்றி, யமுனைக்கு அந்தப் பக்கம் பொட்டலில் இறக்கிவிட்டார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு ஆளுக்கு ஒரு துண்டு மனை. எல்லோரும் மனையைக் காலால் அளந்துகொண்டிருந்தபோது, பவுனு தெருவின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாளாம். ஒரு முனை ரோட்டில் சேரும், மறுமுனை முட்டுச்சந்து. தீயணைப்பு வண்டி உள்ளே வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் தங்கை போன பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன் என்றாள்.

ஆனால் அந்த மனைகளில் ஒரு குடும்பம் படுத்துப் புரள முடியாது. இவ்வளவு சின்ன மனையைக் கொடுத்துவிட்டு தெருவில் இறங்காதே என்றால் ஜனங்கள் எங்கே போவார்கள்? முதலில் அடுப்பு வெளியே வந்தது. அடுப்புக்குக் காற்று படக்கூடாது என்று ஒரு தகரம். தகரம் விழக்கூடாது என்று நாலு செங்கல். நாலு செங்கல் சுவராவதற்கு எவ்வளவு நேரம்?

அப்போதுதான் பவுனு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய கள்ளக்குறிச்சி இந்தி காவலாளிக்குப் புரியாமல், மதராஸி ஸ்டெனோவிடம் போ என்று என்னிடம் அனுப்பிவிட்டான்.

"ஏம்மா, நீ தமிழாம்மா?"

"ஆமாம். என்ன வேணும் உனக்கு?"

"எங்க கல்லியில, தெருவுல, ஆளாளுக்குச் செவுத்த முன்னால இழுத்துகிட்டு வராங்க. நாளைக்குத் தீப் புடிச்சா வண்டி உள்ள வராது. யாருகிட்ட சொல்லணும்?"

மாடியில் வைத்தி சார் இருந்தார். முழுப்பெயர் வைத்தியநாதன். கும்பகோணத்துக்காரர். நல்ல படிப்பு, நல்ல இங்கிலீஷ், நெற்றியில் மெல்லிசாக விபூதிக் கீற்று. அவரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

"ரூல் இருக்கேம்மா. கோட்டைத் தாண்டிக் கட்டப்படாதுன்னு தெளிவா ரூல் இருக்கு" என்றார்.

"ரூலு இருக்குது சாமி. செவுரும் இருக்குதே" என்றாள் பவுனு.

அவர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டரை அனுப்புவதாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் போனார், பிஸ்கட்டோடு சாய் குடித்தார், வந்தார். அவர் போய்வந்த பிறகு இன்னும் நாலு சுவர் தைரியமாக எழும்பின.

அன்று மாடியிலிருந்து இறங்கும்போது பவுனு என்னிடம் ஒன்று கேட்டாள். "இந்த ஐயா எத்தினி நாளைக்கும்மா இந்த சீட்டுல இருப்பாரு?"

"டிரான்ஸ்ஃபர் வர வரைக்கும். ரெண்டு மூணு வருஷம் இருப்பார்."

"அப்ப அவருக்கு எதுக்கு எங்க ஆளுங்க பயப்படப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படி ஒரு கேள்வியை எங்கள் அலுவலகத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் டைப் அடித்ததும் இல்லை.

மாற்றல் இல்லாத அதிகாரி ஒருத்தி அந்தத் தெருவிலேயே இருந்தாள். முட்டுச்சந்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டு, அடியில் மஞ்சள் பூசிய செங்கல்லை வைத்து மாரியம்மன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூசாரி காத்தவராயன் பகலில் கம்பி வளைப்பவன். ஆடி மாதம் அம்மனைத் தெருவில் தூக்கி வர ஒரு சப்பரம் கட்டவேண்டும் என்று பேச்சு வந்தபோது, பவுனு நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள்.

அங்கே சௌத்ரி என்று ஒரு ஹரியானாக்காரர், வண்டி ஓட்டுகிறவர். ஒரு மதராஸிப் பெண் கயிற்றை வைத்துக்கொண்டு வண்டியின் முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளப்பதைப் பார்த்து முதலில் விரட்டினாராம். காரணம் சொன்னதும், கயிற்றின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார். "ஷீஷாவை விட்டுவிட்டாயே" என்று பக்கக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அளக்கச் சொன்னார்.

அந்தக் கயிற்று அளவுக்கு மூங்கில் வெட்டச் சொன்னாள் பவுனு. காத்தவராயன் திகைத்துப் போனான். "ஏ பவுனு, ஆத்தா கையளவு கல்லு. அதுக்கு எதுக்கு இத்தாம் பெரிய சப்பரம்?"

"ஆத்தா கல்லா? உனக்குக் கல்லுன்னா எதுக்கு அத கும்புடற?" என்றாள். அவன் மூங்கிலை வெட்டினான்.

அந்த ஆடிக்கு என்னையும் கூழ் குடிக்கக் கூப்பிட்டிருந்தாள். ரெண்டு பஸ் மாறிப் போனேன். பறையும் பம்பையும் முழங்க, தெருவை அடைத்துக்கொண்டு சப்பரம் வந்தது. வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சூடம் காட்டினார்கள். ஒரு சுவர் முன்னால் வந்து மூங்கில் முட்டியது. தூக்கினவர்கள் நின்றார்கள். பின்னால் போக முடியாது. புறப்பட்ட ஆத்தாள் திரும்பக்கூடாது. சாய்த்துக் கொண்டுபோகவும் கூடாது. எல்லோரும் அந்த வீட்டுக்காரனைப் பார்த்தார்கள். அவன் ஆத்தாளைப் பார்த்தான். கடப்பாரையை எடுத்துவந்து தன் சுவரைத் தானே தள்ளினான். அரசாங்கத்தின் ஒரு நோட்டீசும் சாதிக்காததை மூங்கில் கழி சாதித்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அக்கம்பக்கத்துப் பஞ்சாபிகளும் பிஹாரிகளும்கூட "மாதாஜியின் வண்டி" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால் ஜனங்கள் ஜனங்கள்தானே. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் தகரம் வெளியே வரும், அடுத்த ஆடிக்கு உள்ளே போகும். பவுனு சும்மா இருப்பாளா? அவளுக்குச் சாமி வர ஆரம்பித்தது. எங்கேயாவது சுவர் எழும்பினால் மறுநாளே வரும். "என்ன வெளிய தூக்குங்கடா, தெருவப் பாக்கணும்" என்று ஆத்தாள் அவள் வாயால் ஆணையிடுவாள். உடனே சப்பரம் கிளம்பும்.

நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "நிஜமாவே சாமி வருதா பவுனு, இல்ல நடிக்கறயா?"

"கோவம் வருதும்மா. அதுல ஆத்தா எது, கோவம் எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

அவள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். எதிர்வீட்டுச் சந்திரம்மாள் வயசான விதவை. குளிக்க மறைவு வேண்டும் என்று வாசலில் ஒரு சாக்குத் தடுப்புக் கட்டியிருந்தாள். பவுனு அதையும் விடவில்லை, பிய்த்து எறியவைத்தாள். "நான் எங்க போயி குளிப்பேன், நடுத்தெருவுலயா?" என்று அந்தக் கிழவி கேட்டது நியாயம். இடமில்லாத மனையை அளந்து கொடுத்தவன் எங்கேயோ இருந்தான். அடித்துக்கொண்டவர்கள் இந்த இரண்டு பெண்கள். அதற்குப் பிறகு சந்திரம்மாள் அவளோடு பேசவில்லை.

இருந்தாலும் தெரு அகலம் குறையவில்லை. சுற்றியுள்ள தெருக்களெல்லாம் சந்தாகிப் போக, இந்த ஒரு தெருவில் மட்டும் கோடைக்குத் தண்ணீர் லாரி உள்ளே வரும். பவுனு நிம்மதியாகத் தூங்கிய வருஷங்கள் அவை.

எண்பத்துநாலில் எங்கள் அலுவலகம் ஒரு கருத்தரங்கு நடத்தியது. "நகர நிர்வாகத்தில் ஆன்மிக விழுமியங்கள்." குத்துவிளக்கு, சந்தன மாலை, மதியம் பூரி, ஐஸ்கிரீம். மாற்றலாகிப் போன வைத்தி சார் பெரிய பதவியில் திரும்பி வந்திருந்தார். அவர் பேச்சுதான் சிகரம். நம் கோயில் நகரங்களில் தெருவின் அகலத்தைத் தேர் தீர்மானித்தது, தேர் வரும் வீதியை ஆக்கிரமிக்க ராஜாவுக்கும் துணிச்சல் இல்லை, நூற்றாண்டுகளைத் தாண்டி யோசித்தவர்கள் நம் முன்னோர் என்றெல்லாம் பேசினார். கைதட்டல் ஓயவில்லை. நானும் தட்டினேன். பேச்சு முடிந்ததும் அவரிடம் ஓடிப்போய்ப் பவுனுவின் சப்பரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்படியா! ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கே வத்சலா. நான் ஒருநாள் வந்து பாக்கறேன்" என்றார்.

வந்தார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தெரு ரோட்டில் சேரும் வாயில் பச்சைமுத்து என்பவனுக்கு செங்கல், சிமெண்ட் கடை. ஆட்களை வேலைக்கு அனுப்பும் மேஸ்திரியாக இருந்து, ஓட்டுச் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பகுதிக்குத் தலைவனாக, பிரதான் ஆனவன். கடையைத் தெருப்பக்கம் இழுத்து மாடி எடுக்க இரண்டு தடவை முயன்றான். இரண்டு தடவையும் சப்பரம் முட்டி, தானே இடிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை அவன் சுவரில் கை வைக்கவில்லை. ஆத்தாளுக்குப் புதுச் சப்பரம் செய்து கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன் என்றான்.

தேக்கு மரம். பித்தளைத் தகடு. ஊரிலிருந்து ஆசாரியை வரவழைத்துச் செய்தது. நாலு பேர் தூக்கினால் போதும், அவ்வளவு கச்சிதம். பழைய மூங்கில் சப்பரத்துக்கு ஒரு பட்டாளமே வேண்டும், தோள் காய்த்துப் போகும். ஜனங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பவுனு மட்டும் கயிற்றை எடுத்துவந்து அளந்து பார்த்தாள்.

"இது வேணாம். பாதிதான் இருக்குது" என்று கத்தினாள்.

"ஆத்தாளுக்குக் குடுக்கறத தடுக்காத. குடும்பம் வெளங்காது" என்றான் காத்தவராயன்.

"அவளுக்கு ஆத்தா மேல பக்தி இல்ல. நம்ம எல்லார் மேலயும் அதிகாரம் பண்ணணும்" என்றாள் சந்திரம்மாள். அந்தச் சாக்குத் தடுப்பு அவள் நெஞ்சில் இன்னும் கிடந்தது. கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது.

புதுச் சப்பரத்துக்குத் தேங்காய் உடைக்கத் தலைமை விருந்தினராக வந்தவர் வைத்தி சார். நான் சொல்லித்தானே அவருக்கு அந்தத் தெருவே தெரியும்! பச்சைமுத்து போட்ட ஆளுயர மாலையோடு நின்று, "ஏழை ஜனங்களிடம்தான் உண்மையான பக்தி இருக்கிறது" என்று பேசினார். அவர் அருகில் போய், "சார், அகலம்..." என்று ஆரம்பித்தேன். "ஜனங்களோட நம்பிக்கையில நாம தலையிடப்படாதும்மா" என்றார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவர் இடிக்கக்கூட இல்லை, தேங்காய் உடைத்தே காரியத்தை முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் பச்சைமுத்துவின் கடை முன்னால் வந்தது. செங்கல் சுவர், மேலே மாடி. புதுச் சப்பரம் ஒய்யாரமாக அதைத் தாண்டிப் போயிற்று. ஆத்தாளே போய்விட்டாள், அப்புறம் யார் கேட்க முடியும்? பவுனுவுக்குச் சாமி வந்தாலும், "புது வண்டில தூக்கறோம் தாயீ" என்று நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்வந்தார்கள்.

அடுத்த ஆடியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த மூங்கில் சப்பரத்தைப் பவுனு வெளியே இழுத்தாள். மூக்கனும் அவளோடு செங்கல் சுமக்கும் பெண்களும் தோள் கொடுத்தார்கள். சப்பரத்தில் அம்மன் இல்லை, பூ இல்லை, மேளம் இல்லை. ஆனாலும் பாருங்கள், மூங்கிலைக் கண்டதும் வீடுகளுக்கு முன்னாலிருந்த அடுப்பும் தகரமும் மளமளவென்று உள்ளே போயின. பழைய பயம் கைகளில் இருந்தது. சந்திரம்மாள்கூட மறுபடி கட்டியிருந்த தன் சாக்குத் தடுப்பைச் சுருட்டினாள். தெருவின் வாய்க்கு வந்ததும் பச்சைமுத்துவின் சுவரில் முட்டி நின்றது. பவுனு அங்கேயே இறக்கிவைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "செவுரு போவட்டும், நான் போறேன்" என்றாள்.

நாலாம் நாள் நகராட்சி லாரி வந்தது. பச்சைமுத்துவின் சுவரை இடிக்க அல்ல. பொதுப்பாதையில் ஆக்கிரமிப்பு இருக்கிறது, அகற்ற வேண்டும் என்று உத்தரவு. ஆக்கிரமிப்பு எது? சப்பரம்!

நான் செய்தி கேட்டு லீவு போட்டுவிட்டு ஓடினேன். லாரி பின்பக்கமாகத் தெருவுக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது. நுழையவில்லை. சுவர் இடித்தது. டிரைவர் முன்னால் போனான், பின்னால் வந்தான், கடைசியில் ரோட்டிலேயே நிறுத்திவிட்டான். பவுனு சஃபாரி சூட் போட்ட எஞ்சினீயரிடம் கையை நீட்டிக் கேட்டாள். "லாரி ஏன் உள்ள வரல? ஏன் வரல, சொல்லு!"

"வோ அலக் கேஸ் ஹை" என்றார் அவர். அது வேறு கேஸாம்.

முழுசாக வெளியே எடுக்க முடியாததால் கோடாலியால் வெட்டி எடுத்தார்கள். பவுனுவை இரண்டு போலீஸ்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். வெட்டி முடித்துத் துண்டுகளை அள்ளும்போது, முன்னால் குறுக்கே கட்டியிருந்த கழி ஒன்று மட்டும் அவிழ்ந்து முழுசாகக் கிடந்தது. சந்திரம்மாள் போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரி மாயீ" என்று மிரட்டினார்கள். அவள் அசையவில்லை. கிழவியின்மேல் கை வைக்க யாரும் துணியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். பவுனுவை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கழியை மட்டும் அவள் பக்கம் உருட்டிவிட்டாள்.

மறுநாள் வைத்தி சாரின் அறைக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "ஆக்கிரமிப்பு யார் பண்ணினாலும் ஆக்கிரமிப்புதான். சாமி பேரைச் சொன்னா சட்டம் வளையுமா? நீயே சொல்லு" என்றார். பிறகு கருத்தரங்குப் பேச்சுகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள் என்று, அந்தத் தேர் வீதிப் பேச்சைத் திருத்தி அடித்துத் தரச்சொல்லி நீட்டினார்.

"இத என்னால அடிக்க முடியாது சார். தேர் வீதியப் பத்திப் பேச உங்களுக்கு வாய் கூசலயா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வேறு ஸ்டெனோ அடித்துக் கொடுத்தாள். புத்தகம் வழவழ அட்டையோடு வந்தது. என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். நல்லதாகப் போயிற்று.

பவுனு அந்தக் கழியை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. மனைக்குள் அது அடங்காது, ஒரு முனை தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். தோளில் சுமந்துகொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு நடந்தாள். நானும் கூட நடந்தேன். சௌத்ரிக்குத் தலை நரைத்திருந்தது. அவளை அடையாளம் தெரிந்தது. அவள் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அண்ணா, உன் அளவை நீயே வைத்துக்கொள். இது எங்கள் தெருவுக்குள் நுழையாது. நீ வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ரோட்டில் நிற்காதே. அதை நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்."

அந்த மனிதர் கழியை வாங்கி வண்டியின் பக்கத்தில் சாத்தினார். பிறகு, "தீ பிடித்தால் என்ன செய்வாய் பெஹன்?" என்று தங்கையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

அவள் திரும்பி நடந்தாள்.

இதோ எண்பத்தெட்டு பிறந்துவிட்டது. இரண்டு பக்கமும் மாடிகள் வந்து, நடுவில் பித்தளைச் சப்பரம் போகிற இடம்தான் மிச்சம். தண்ணீர் லாரி ரோட்டோடு நின்றுவிடுகிறது. தினம் பொழுது சாய்ந்து சமையல் முடிகிற நேரத்தில், பவுனு கையில் ஒரு வாளித் தண்ணீரோடு தெருவில் இறங்குகிறாள். பச்சைமுத்து வீடு உட்பட ஒரு வீடு விடாமல் வாசலில் நின்று, "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்கிறாள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கதவைச் சாத்துகிறார்கள். சந்திரம்மாள் மட்டும், "அணைச்சிட்டேன் பவுனு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள். பவுனு அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.